அசைவுப் பதிவும் பல்கலைக்கழகக் கல்வியும்

நிற்கும் பொருளை அளந்து எழுதுவது எளிது. அசையும் பொருளை அளந்து எழுதுவது அரிது. கோபுரத்தின் உயரத்தை ஏட்டிற் குறிக்கலாம். கிணற்றின் ஆழத்தைக் கயிறிட்டு அறியலாம். ஆனால் ஆடல் வல்லாள் ஒருத்தி அடியெடுத்து வைக்கும் பாங்கையும், கொல்லன் சம்மட்டியை ஓங்கி அடிக்கும் முறையையும், கடற்றொழிலாளி வலை வீசும் திறத்தையும் எவ்வாறு எழுதுவது? எழுத்துச் சொல்லைக் காத்தது. சுரக் குறிப்பு இசையைக் காத்தது. அசைவைக் காப்பதற்கோ நெடுங்காலம் தக்கதொரு வழி இல்லாதிருந்தது. அவ்வழியை அளிக்க வந்த கலையே அசைவுப் பதிவு என்பது. ஆங்கிலத்தில் 'மோஷன் கப்ச்சர்' என வழங்கும் இக்கலை இன்று திரைப்படத்தாற் பலருக்கும் அறிமுகமாகியுள்ளது. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோச்சடையான்' இம்முறையால் உருவாக்கப்பட்ட தமிழ்ப் படமேயாம். எனினும் இக்கலை பிறந்ததும் வளர்ந்ததும் படமாளிகையில் அன்று. ஆய்வுக் கூடங்களிலேயே என்பது பலர் அறியாதது. அதன் வரலாற்றையும் செயன்முறையையும் பயனையும் எல்லையையும் ஆராய்ந்து, நம் நாட்டுக்கு அதனால் ஆகக்கூடியது யாது என்பதை நம் கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எருக்கலம்பிட்டிக் கரையில்

இப்பொருளைப் பற்றி நம்மைச் சிந்திக்கத் தூண்டியது நூலன்று. ஒரு மாலைக் காட்சி. மன்னார்த் தீவில், மன்னார் நகருக்கு வடமேற்கே உள்ள எருக்கலம்பிட்டி என்னும் முஸ்லிம் ஊருக்கு ஓர் அலுவலாகச் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து கடற்கரைக்கு வந்தபோது, முதியவர் ஒருவர் முழங்காலளவு நீரில் நின்று வீச்சுவலை வீசிக் கொண்டிருந்தார். வலையின் ஒரு பகுதியை முழங்கையிலே தாங்கி, மறு பகுதியை வலக்கையிற் பற்றி, உடலை ஒரு பக்கமாகத் திருப்பி மீண்டார். வலை வட்டமாக விரிந்தது. விளிம்பிற் கோத்த ஈயக் குண்டுகள் யாவும் ஒருங்கே நீரைத் தொட்டன.

"காக்கா, கையை எவ்வளவு வேகமாகச் சுழற்றினால் வலை இப்படி விரியும்?" என்று வினவினோம்.

"கையிலே ஒன்றும் இல்லை, மாஸ்டர். காலும் இடுப்பும் வீச வேணும்; கை விட்டுக் கொடுத்தாற் போதும்" என்றார் அவர்.

அருகில் நின்ற பேரன் வலையை வாங்கி வீசினான். அது சுருண்டு பொதிபோல விழுந்தது. புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளை என்று அறிந்தோம். மும்முறை முயன்றும் பயனில்லை. முதியவர் நகைத்து, "எனக்குச் செய்யத் தெரியும்; சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை" என்றார்.

அச்சொல் நம் உள்ளத்திற் பதிந்தது. செய்யத் தெரிந்தும் சொல்லத் தெரியாத அறிவு உலகிலே மிகப் பெரிது. அதனை ஆராயப் புகுந்தோரின் வரலாறே அசைவுப் பதிவின் வரலாறு.

வரலாறு

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுவதுண்டா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு வினா. கண்ணால் இதனைத் தீர்க்க இயலவில்லை. 1878 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பார், குதிரை ஓடும் பாதையின் ஓரமாகப் பன்னிரண்டு கமெராக்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, எழுவதுண்டு எனக் காட்டினார். பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் மனிதர், விலங்குகள் ஆகியோரின் அசைவுகளை ஆராய்ந்து, 781 படத்தாள்களாக 1887 இல் வெளியிட்டார். பல்கலைக்கழகமொன்று அசைவை ஆய்வுப் பொருளாக ஏற்றுப் பெரும் பணி செய்ததற்கு இது முதன்மையான சான்றுகளுள் ஒன்று.

அதே காலத்திற் பிரான்சு நாட்டு உடற்றொழிலியல் அறிஞரான எற்றியேன் ஜூல் மாரே வேறு வழியிற் சென்றார். 1882 இல் அவர் அமைத்த துப்பாக்கி வடிவக் கமெரா ஒரு செக்கனில் பன்னிரண்டு படங்களை எடுத்தது. பின்னர் அவர் ஒருவனுக்குக் கரிய உடை அணிவித்து, கை கால்களின் வழியே வெள்ளைக் கோடுகளையும் மூட்டுகளிற் புள்ளிகளையும் இட்டு, கரிய திரையின் முன்னே நடக்கவிட்டார். படத்தில் உடல் மறைந்தது. கோடுகளும் புள்ளிகளுமே எஞ்சின. மனிதனை நீக்கி அவன் அசைவை மட்டும் பிரித்தெடுத்த இக்கருத்தே இன்றைய கலைக்கு வித்து எனலாம்.

செர்மனியில் லைப்சிக் நகரத்து அறிஞர்களான பிரவுனே, பிஷர் என்னும் இருவரும் இதனைக் கணிதமாக்கினர். 1891 ஆம் ஆண்டில், இரவு வேளையில், ஒருவனுடைய உறுப்புகளில் ஒளிவிடும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, நான்கு கமெராக்களாற் படம்பிடித்தனர். அவன் நடந்தது சில அடிகள். அவ்வடிகளைக் கையாற் கணக்கிட்டு, மனித நடை பற்றிய தம் நூலின் முதற் பகுதியை அவர்கள் வெளியிட்டது 1895 இல். சில அடி நடைக்குச் சில ஆண்டுக் கணக்கு! இன்று கணினி அதனைக் கணப்பொழுதிற் செய்கின்றது என்றாலும், வழி அவர்கள் வகுத்த வழியே.

செயன்முறை

இன்றைய ஆய்வுக் கூடத்தில் நிகழ்வது யாது? நடப்பவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் முதலிய இடங்களிற் சிறு உருண்டைகளை ஒட்டுவர். அவற்றின் மேற்பூச்சு, வீதிப் பலகைகள் இரவில் வாகன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது போல, தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்புவது. அறையைச் சுற்றியுள்ள கமெராக்கள் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க்கதிர்களை வீசி, உருண்டைகளை ஒளிப் புள்ளிகளாகக் காண்கின்றன.

ஒரு கமெரா ஒரு புள்ளியின் திசையை மட்டுமே அறியும், தூரத்தை அறியாது. இரண்டு கமெராக்கள் காணுமாயின், இரு திசைக் கோடுகளும் வெட்டும் இடமே புள்ளியின் இருப்பிடமாகும். நில அளவையாளர் இரு இடங்களில் நின்று தொலைவிலுள்ள மரத்தின் இடத்தைக் கணிக்கும் முறையும் இதுவே. நம் மாணவர் கேத்திரகணித வகுப்பிற் கற்ற முக்கோணமே இங்கும் வேலை செய்கின்றது.

அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகம் தான் பதிந்த அசைவுகளை உலகோர் யாவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு பொதுவில் வைத்துள்ளது. அங்கே 12 கமெராக்களும், உடலில் 41 உருண்டைகளும், செக்கனுக்கு 120 படங்களும் பயன்பட்டன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆள்கூறுகள். ஆகவே ஒரு செக்கனில் 41 × 3 × 120, அதாவது 14,760 எண்கள். வலை வீசுவதற்கு இரண்டு செக்கன் ஆகுமெனின், ஒரு வீச்சுக்கு ஏறக்குறைய முப்பதினாயிரம் எண்கள்.

உருண்டை முறைக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஓர் உடல் மற்றோர் உடலை மறைத்தாற் கமெரா புள்ளியை இழந்துவிடும். நம் நாட்டு முஸ்லிம்களிடையே வழங்கும் களிகம்பு போன்று, பலர் வட்டமாக நின்று கம்போடு கம்பு தட்டி ஆடும் ஆட்டத்தைப் பதிவதில் இது பெருந்தடையாகும். இதனை வெல்ல ஆர்முடுகலையும் சுழற்சியையும் அளக்கும் சிறு கருவிகளை உறுப்புகளிற் கட்டும் முறையும் உண்டு. அவை வெயிலிலும் வெளியிலும் இயங்கும். ஆயின் நேரம் செல்லச் செல்ல இருப்பிடக் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். மூன்றாவது, உடலில் எதனையும் ஒட்டாது, படத்தைக் கொண்டே கணினி மூட்டுகளை இனங்காணும் முறை. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2023 இல் ஆய்வேட்டில் வெளியிட்ட 'ஓப்பன்கப்' என்னும் முறைக்கு இரண்டு கைத்தொலைபேசிகளே போதுமானவை. பெரும்பொருள் படைத்த கூடங்களின் தனியுடைமையாக இருந்த கலை, இவ்வாறு சிறு நிறுவனங்களின் கைக்கும் எட்டத் தொடங்கியுள்ளது.

ஒரு சிறு பயிற்சி

பாடசாலையிலேயே இதன் அடிப்படையைக் கற்கலாம். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் வெள்ளைத் துண்டுகளை ஒட்டுக. அருகில் ஒரு மீற்றர்க் கோலை நிறுத்துக. செக்கனுக்கு 60 படம் எடுக்கும் கைத்தொலைபேசியை அசையாது பொருத்திப் படம்பிடிக்க. அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையில் மணிக்கட்டு 12 சென்ரிமீற்றர் நகர்ந்ததெனின், அதன் வேகம் செக்கனுக்கு 0.12 × 60, அதாவது 7.2 மீற்றர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க. இடத்தைக் குறிப்பதில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால், வேகத்திற் செக்கனுக்கு 0.6 மீற்றர் பிழை வரும். ஆர்முடுகலிற் பிழை இன்னும் பெருகும். அளவையில் உள்ள சிறு பிழை, கணிதத்தின் படி ஏற ஏறப் பெரும் பிழையாகின்றது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் கருத்தோடு அளவாதவனுக்கு அது பொய்யே சொல்லும் என்பதை மாணவர் இப்பயிற்சியால் நேரிற் காண்பர்.

மருத்துவமும் ஆடலும்

பல்கலைக்கழகங்களில் இக்கலை பல துறைகளுக்கு உதவுகின்றது. பெருமூளை வாதம் உற்ற சிறுவரின் நடையைப் பதிந்து, எந்தத் தசையில் அறுவை செய்வது நலம் என மருத்துவர் ஆராய்கின்றனர். பந்து வீசுவோரின் முழங்கை எவ்வளவு நீள்கின்றது என்பதையும் இவ்வாறே அளக்கின்றனர். நம் நாட்டு முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு பற்றி எழுந்த பெருவழக்கில் இத்தகைய ஆய்வு கூட அளவைகளே சான்றாயின என்பதை நம் மாணவர் மறந்திரார். கண்ணுக்கு வளைந்த கையை நீட்டுவது போலத் தோன்றியதன் உண்மையை ஆராய மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகக் கூடத்துக்கு அவர் செல்ல வேண்டியிருந்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியை சுஜாதா சிறீநிவாசன் தலைமையில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு நிலையம், மனித அசைவை ஆராய்ந்து ஊனமுற்றோர்க்கான கருவிகளை ஆக்குகின்றது. முழங்காலுக்கு மேலே காலிழந்தோர்க்கென 'கதம்' என்னும் செயற்கை முழங்கால் மூட்டு 2022 இல் அங்கிருந்து வெளிவந்தது. மிதிவெடிகளாற் காலிழந்தோர் பலர் வாழும் நம் வட மாகாணத்துக்கு இத்தகைய ஆய்வு அயலார் செய்தியன்று, வீட்டுச் செய்தியேயாம்.

ஆடற் கலையிலும் முயற்சிகள் உள. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர், 2010 இல் விளையாட்டுக்கென வெளிவந்து பின்னர் உற்பத்தி நின்றுபோன 'கினெக்ற்' என்னும் கருவியைக் கொண்டு பரதநாட்டிய அடவுகளைப் பதிந்து, சொற்கட்டின் தாளத்தோடு உடல் நிலைகளைப் பொருத்தி, எவ்வடவு ஆடப்படுகின்றது எனக் கணினி தானே அறியுமாறு செய்தனர். முயற்சி பாராட்டத் தக்கது. ஆயின் அக்கருவி மனித உடலை இருபது மூட்டுகளாக மட்டுமே கண்டது. விரல்களின் முத்திரை அதற்கு இல்லை. கண்ணின் நோக்கு இல்லை. கை வழி நயனம் செல்ல வேண்டிய கலையில், கையின் நுனியையும் நயனத்தையும் காணாத சாட்சி எவ்வளவு சொல்ல இயலும்?

கருவியின் எல்லை

இவ்விடத்தில் நாம் கருவியின் எல்லையை ஆராய்தல் வேண்டும். சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்து அறிஞர் குனர் யொகான்சன் 1973 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருளில் ஒருவரின் மூட்டுகளிற் பொருத்திய சில ஒளிப் புள்ளிகளை மட்டும் பிறர்க்குக் காட்டினார். புள்ளிகள் நின்றபோது அவை பொருளற்ற புள்ளிகளாகவே தோன்றின. அசைந்த உடனே, 'மனிதன் நடக்கின்றான்' எனக் கண்டவர் கூறினர். மனிதரின் அடையாளம் உருவத்தில் மட்டுமன்று, அசைவிலும் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

அதற்கும் முன்னரே, 1920களில், மொஸ்கோ நகரத்து அறிஞர் நிக்கலாய் பேர்ன்ஸ்ரைன் தேர்ந்த தொழிலாளரின் சம்மட்டி அடியைப் பதிந்து ஆராய்ந்தார். கைதேர்ந்தவன் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் கையை அசைப்பான் என்றே எவரும் எண்ணுவர். அவர் கண்டது வேறு. சம்மட்டியின் தலை ஒவ்வொரு முறையும் குறியையே சேர்ந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ ஒவ்வொரு முறையும் சற்றே வேறு வழியிற் சென்றன. ஒரு மூட்டின் பிசகை மற்றொரு மூட்டு ஈடுசெய்தது. தேர்ச்சி என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வதன்று. மாறும் நிலைமைக்கு ஏற்ப ஒரே முடிவைத் திரும்பக் காண்பதாகும்.

இவ்வுண்மையை எருக்கலம்பிட்டி முதியவரோடு பொருத்திப் பார்க்க. அவர் ஒரு முறை வலை வீசியதைப் பதிந்து வைத்தால், நம்மிடம் இருப்பது ஒரு வீச்சு, வித்தையன்று. காற்று மாறும்போதும், நீர் இடுப்பளவு உயரும்போதும், வலை நனைந்து கனக்கும்போதும் அவர் உடல் எவ்வாறு மாறுகின்றது என்பதிலேயே வித்தை உள்ளது. ஆதலின் பலமுறை பதிதல் வேண்டும். கடலிலேயே பதிதல் வேண்டும். எது நல்ல வீச்சு, எது தீய வீச்சு என அவரே அருகிருந்து சொல்லுதல் வேண்டும். எண்களைத் தருவது கருவி. எண்களுக்குப் பொருள் தருபவர் அவர். அவரை வெறும் ஆய்வுப் பொருளாகக் கருதும் பல்கலைக்கழகம் முப்பதினாயிரம் எண்களைப் பெறும். அவரை ஆசிரியராக ஏற்கும் பல்கலைக்கழகமே அறிவைப் பெறும்.

நமக்குள்ள கடமை

நம் பல்கலைக்கழகத் தமிழறிஞர் முன்னொரு காலத்தில் இத்தகைய பணியிற் பாதியைச் செய்து முடித்தனர். 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். மன்னார் நாட்டுக் கூத்து ஏடுகள் சிலவற்றைப் பதிப்பித்தும் உதவினார். அவரால் மன்னார்க் கூத்தின் சொல் அச்சேறிப் பிழைத்தது. ஆட்டமோ அண்ணாவிமாரின் உடலிலேயே தங்கியது. அக்காலத்தில் அதனை எழுத வழியில்லை, இன்று வழியுண்டு.

வழியிருந்தும் காலம் நமக்காகக் காத்திராது. எருக்கலம்பிட்டியின் வரலாறு இதனை உணர்த்தும். 1990 ஒக்ரோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் யாவரையும் வெளியேற்றியபோது, இவ்வூராரும் தம் ஊரைத் துறக்க நேர்ந்தது. பெரும்பாலோர் புத்தளப் பகுதியில் ஏதிலிகளாயினர். வீட்டையும் தோட்டத்தையும் வள்ளத்தையும் விட்டுச் சென்றனர். கொண்டுசெல்ல விட்ட பொருள் மிகச் சொற்பம். அவர்களிடமிருந்து எவராலும் பறிக்க இயலாது போனது உடல் அறிந்த தொழில் ஒன்றே. ஆயின் அதனையும் ஆண்டுகள் பறிக்கின்றன. கடல் வேறு, கரை வேறு, பிழைப்பு வேறு என்றாகிய இடத்தில் அது மகனுக்கும் பேரனுக்கும் முழுமையாகச் சென்று சேரவில்லை. 2009 இற் போர் முடிந்தபின் பலர் திரும்பினர். 1990 இல் இருபது வயதாக இருந்தவர் இன்று ஐம்பத்தைந்தைக் கடந்தவர். அன்று நாற்பது வயதாக இருந்தவர்களை இனி எத்துணைக் காலம் நாம் கரையிற் காண்போம்? தமிழ் பேசும் அயலவருக்கு இழைக்கப்பட்ட அத்தீங்கை நாம் மாற்ற இயலாது. அதனால் அறுந்த கயிற்றின் ஓர் இழையையேனும் பிடித்துக் கொடுத்தல் நம்மால் இயலும்.

அதற்கு வேண்டிய துறைகள் நம் மாகாணத்திலேயே உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சியில் உள்ளது. ஆடலும் இசையும் கற்பிக்கும், முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம் என வழங்கிய பீடம் மருதனார்மடத்தில் உள்ளது. 2021 இல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொறியியல் மாணவன் அளக்க, ஆடல் மாணவி அசைவுக்குப் பெயரிட, ஊர் முதியவர் திருத்த, மூவரும் ஒரு கரையில் நின்று செய்யும் ஆய்வு எத்துணைச் சிறந்த பாடமாகும்! இரண்டு கைத்தொலைபேசிகளோடு தொடங்கலாம்.

தொடங்குவோர் மூன்று நெறிகளை மறவாதிருப்பாராக. முதலாவது, பதியப்படுபவரின் முழுச் சம்மதம் வேண்டும். நடையைக் கொண்டே ஒருவரை இனங்காண இயலுமாதலின், அசைவுப் பதிவு கைரேகை போன்று அவருக்கே உரியது. இரண்டாவது, பதிந்தவற்றின் ஒரு படி அவ்வூர்ப் பாடசாலையில் இருத்தல் வேண்டும். தலைநகரத்துப் பெட்டகத்திற் பூட்டி வைப்பதற்காக ஊரார் தம் வித்தையைத் தரவில்லை. மூன்றாவது, பதிவு கற்பித்தலுக்கு மாற்றாகாது. பேரன் திரையைக் கண்டு வலை வீசப் பழகமாட்டான்; தாத்தாவின் அருகில் நீரில் நின்றே பழகுவான். ஆயினும், இடுப்பு முந்திச் சுழல்வதையும் கை பிந்தி விடுவதையும் திரையில் ஒருமுறை மெல்ல ஓட்டிக் காட்டினால், முதியவர் சொல்ல இயலாது நின்ற ஒன்றை அவனுக்குச் சொல்லியவராவோம். கருவியால் ஆவது அவ்வளவே, அது சிறிதன்று.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கின்றனர். பலர் கடல் கடந்த நாடுகளில் இத்தகைய கூடங்களிலேயே பணிபுரிகின்றனர். விழாக் காலத்திற் கல்லூரிக்குக் கட்டடமும் மணிக்கூண்டும் அளிப்பது நன்று. ஒரு விடுமுறையில் தாயகம் வந்து, மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு மன்னார்க் கரைக்குச் சென்று, ஒரு முதியவரின் உடலில் எழுதப்பட்டுள்ள ஏட்டைப் படியெடுக்க உதவுவாராயின், அதுவும் கல்லூரிக்கு அளித்த காணிக்கையேயாகும். செய்யத் தெரிந்தவர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் உள்ளபோதே கேட்போமாக.